ரேம் சேராமல் போன கதைகள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

திரியைத் தொடங்கியவர், சென்னை

2025 இறுதியில் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) விலை ஏறத் தொடங்கியதிலிருந்து, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கூட்டம் இடம் மாறிவிட்டது. புதுப் பெட்டிகளை அடுக்கி வைத்த கடைகளைத் தாண்டி, பழைய ரேம்களைத் தட்டில் பரப்பியிருக்கும் கடைகளின் முன்னால்தான் ஆட்கள் நிற்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. இந்த நிலையில் பழையதைத் தேடிப் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அங்கே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "8 ஜிபி என்ன விலை?" மதர்போர்டு எது, பிராசசர் எந்தத் தலைமுறை என்று சொல்லிக் கேட்பவர் அபூர்வம். கடைக்காரரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் பாதி வியாபாரம் நின்றுவிடுமே!

சேராத ரேமோடு மல்லுக்கட்டியவர்களும், மல்லுக்கட்டியவர்களைப் பார்த்தவர்களும் எழுதுங்கள். எந்தப் போர்டு, எந்த ரேம், என்ன ஆயிற்று என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எனக்கு நன்றாக ஓடுகிறது" என்ற ஒற்றை வரி யாருக்கும் பயன்படாது.

பழுதுபார்ப்பவர், மதுரை

என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை டிடிஆர்3 (ரேமின் பழைய தலைமுறை; அதற்குப் பின் வந்தவை டிடிஆர்4, டிடிஆர்5) காலத்துப் பெட்டிகள். ஜெராக்ஸ் கடை, அச்சகம், பத்திர எழுத்தர் அலுவலகம் என்று இவை இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. புது ரேம் போட்டதும் கணினி செத்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவரிடம் இருந்தது ஜி41 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சில்லுத் தொகுதி) போர்டு. 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு வாங்கித் தானே மாட்டியிருக்கிறார். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. "போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் அண்ணே" என்று கொதித்தார். அதே ரேமை என்னிடம் இருந்த எச்81 போர்டில் மாட்டினேன். முழு அளவும் காட்டியது. இரவு முழுவதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓடவிட்டேன், ஒரு பிழைகூட வரவில்லை. ரேம் நல்ல ரேம். அவருடைய போர்டும் நல்ல போர்டு. இரண்டும் சேரவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் சில்லுக் கணக்கில் இருக்கிறது. ஜி41 சிப்செட் ஒரு சில்லில் 2 ஜிகாபிட் வரைதான் படிக்கும். அதாவது 256 எம்பி. அப்படியானால் 4 ஜிபி ரேமில் பக்கத்துக்கு 8 வீதம் 16 சில்லுகள் இருந்தாக வேண்டும். அவர் வாங்கியதில் ஒரு பக்கம் மட்டும் 8 சில்லுகள். ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். இத்தகைய ரேமைச் சில போர்டுகள் பாதி அளவாகக் காட்டும், சில எழுந்திருக்கவே செய்யா. ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 என்று இருந்தால் 16 சில்லு, 1ஆர்எக்ஸ்8 என்று இருந்தால் 8 சில்லு. ஸ்டிக்கரை மாற்றி ஒட்டுபவர்களும் உண்டு என்பதால் நான் ரேமைத் திருப்பி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.

இதைவிடப் பெரிய தலைவலி, இணையத்தில் மலிவாக வரும் "ஏஎம்டிக்கு மட்டும்" (இன்டெலைப் போல பிராசசர் செய்யும் நிறுவனம்) டிடிஆர்3 ரேம். அந்த வாசகம் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். சில விற்பனையாளர்கள் அதையும் போடுவதில்லை. வழக்கமான மேசைக்கணினி ரேமில் ஒவ்வொரு சில்லும் 8 பிட் அகலம். இவற்றில் 4 பிட். சர்வர் ரேம்களில் இது சகஜம். ஆனால் மேசைக்கணினிக்கான இன்டெல் நினைவகக் கட்டுப்பாட்டகம் (ரேமோடு பேசும் பகுதி) இந்த அமைப்பை ஏற்காது. ஏஎம்3 போன்ற பழைய ஏஎம்டி போர்டுகளில் ஓடும். இன்டெல் போர்டுக்கு இதை வாங்கியவர்கள், ரேமின் தங்க முனைகளை ரப்பரால் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். ரப்பர் அழுக்கைத்தான் எடுக்கும். அதைச் சொன்னால் "இன்னொரு முறை தேய்த்துப் பாருங்களேன்" என்கிறார்கள்!

ஆசிரியை, ஈரோடு

மதுரைக்காரர் மேசைக்கணினியைச் சொன்னார். நான் மடிக்கணினியைச் சொல்கிறேன்.

என் தம்பியின் மடிக்கணினி இன்டெல் நான்காம் தலைமுறை. 4 ஜிபியை 8 ஆக்க நினைத்தான். ஏற்கெனவே உள்ளிருந்த ரேமைக் கழற்றி, அதன் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். அதில் பிசி3எல்-12800எஸ் என்று இருந்தது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததில் பிசி3-12800எஸ். "எல் எங்கே?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒன்றுதான் மேடம், வேகம் ஒன்றாக இருந்தால் போதும்" என்றார். அங்கேயே மாட்டிக் காட்டச் சொன்னேன். மாட்டினார். மடிக்கணினி விட்டுவிட்டுக் கூவியது, திரை வரவில்லை. ஒன்றும் பேசாமல் உள்ளே போய் "எல்" போட்டதை எடுத்துவந்தார்.

அந்த ஓர் எழுத்து மின்னழுத்தத்தைக் குறிக்கிறது. சாதாரண டிடிஆர்3 ரேமுக்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல் வகைக்கு 1.35 வோல்ட். குறைந்த மின்னழுத்த ரேம் 1.5 வோல்ட்டிலும் வேலை செய்யும், மறுபக்கம் அப்படியில்லை. நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் பெரும்பாலும் 1.35 வோல்ட் மட்டுமே தருகின்றன. கடைசியில் இருக்கும் எஸ் என்பது மடிக்கணினிக்கான சிறிய ரேம் என்பதற்கு அடையாளம். 12800 என்பதை 8-ஆல் வகுத்தால் 1600, அதுதான் வேகம் (நொடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றம்). இதற்கு மேல் கணக்கு இல்லை.

அலுவலக உதவியாளர், திருச்சி

எங்கள் அலுவலகத்தில் 4 ஜிபியை 8 ஜிபி ஆக்கினார்கள். விண்டோஸ் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படும் என்று காட்டியது. ரேமை மாற்றி மாற்றி மாட்டினார்கள், ஸ்லாட்டை ஊதினார்கள், விற்றவரோடு சண்டைக்கே போய்விட்டார்கள். பயாஸுக்குள் (கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) போய்ப் பார்த்தால் முழு 8 ஜிபியும் இருக்கிறது. கணினியில் இருந்தது 32 பிட் விண்டோஸ், அது 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது! சண்டை போட்டவர் இன்னும் அந்தக் கடை வழியாகப் போவதில்லை.

கணினி அமைப்பவர், கோவை

விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் புதுப் பெட்டிகள் கட்டிக் கொடுப்பது என் தொழில். புதுசு வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது என்று யாராவது நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள்.

இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். இந்த வரியை எங்கேயாவது படித்துவிட்டு, கையில் இருக்கும் டிடிஆர்4 ரேமோடு வந்து "போர்டும் பிராசசரும் மட்டும் வாங்கிவிட்டேன், பொருத்திக் கொடுங்கள்" என்பார்கள். பிராசசர் இரண்டையும் ஏற்கும், சரி. போர்டில் ஏதாவது ஒன்றுக்குத்தான் ஸ்லாட் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு போர்டுகள் வரும். பெயரின் கடைசியில் டி4 என்று ஒட்டியிருந்தால் டிடிஆர்4, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் டிடிஆர்5. இரண்டு ரேமுக்கும் 288 முனைகள், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் உள்ள வெட்டு மட்டும் சற்று விலகியிருக்கும். ஒரு கல்லூரி மாணவர் அழுத்திய அழுத்தில் ஸ்லாட்டின் பிளாஸ்டிக் விளிம்பே பிளந்திருந்தது. சரியான ரேம் கட்டைவிரல் பலத்திலேயே இறங்கிக் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். இறங்க மறுத்தால் வெட்டைப் பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் இந்தக் குழப்பம் இல்லை, எல்லாமே டிடிஆர்5.

அடுத்தது வேகம். "3200 வாங்கினேன், 2133 காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்ற புலம்பல் வாராவாரம் வரும். பெட்டியில் அச்சிட்ட வேகம் பல ரேம்களில் தானாக வராது. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி (ரேமில் பதித்திருக்கும் கூடுதல் வேக அமைப்பு) என்பதை இயக்க வேண்டும். ஏஎம்டி டிடிஆர்5 போர்டுகளில் எக்ஸ்போ என்று இருக்கும். இயக்கியும் ஏறாவிட்டால் சிப்செட்டைப் பாருங்கள். பி460 போர்டில் பத்தாம் தலைமுறை ஐ5 போட்டால் 2666 தான் உச்சம், 3600 ரேம் வாங்கி மாட்டினாலும் 2666 தான். அந்தக் காசுக்கு எஸ்எஸ்டியைப் பெரிதாக வாங்கியிருக்கலாம்.

இப்போது என்னைக் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கிலும் டிடிஆர்5 மாட்டுவது. ரைசன் 7000 வரிசை பிராசசர்களுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம், இரண்டு ரேமுக்கு 5200. நான்கு மாட்டினால் 3600. வாடிக்கையாளர் ஒருவர் ஏற்கெனவே இருந்த 16 ஜிபி இரண்டோடு அதே மாடல் எண்ணில் இன்னும் இரண்டு வாங்கி மாட்டினார். 6000 வேகத்தில் எழவில்லை. திரை கறுப்பாகவே இருக்க, போர்டின் ஓரத்தில் 'டிராம்' (ரேமைக் குறிக்கும் சொல்) என்று எழுதிய மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவர் பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்துகிறார், மறுபடி போடுகிறார். ஏஎம்5 போர்டு புதிய ரேமைப் பார்த்ததும் முதலில் அதோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். சில நிமிடங்கள்கூட ஆகும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும். கடைசியில் எக்ஸ்போவை அணைத்து, கைகட்டிக் காத்திருந்தோம். 3600-இல் எழுந்தது. 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டாக வாங்குங்கள் என்று இதனால்தான் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்

கோவை நண்பர் சொல்வது டிடிஆர்5-க்குச் சரி. டிடிஆர்4-க்கும் அதையே சட்டமாக்கிவிடாதீர்கள். என் ஏஎம்4 கணினியில் நான்கு 8 ஜிபி ரேம்கள் 3200-இல் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. அவற்றில் இரண்டு ஒரு நிறுவனத்துடையவை, இரண்டு வேறு நிறுவனத்துடையவை. ஒரு முறைகூட நீலத்திரை வந்ததில்லை.

கணினி அமைப்பவர், கோவை

வாழ்த்துகள். 3200 என்பது டிடிஆர்4-இல் அடக்கமான வேகம் என்பதால் தப்பித்தீர்கள். 3600-க்கு ஏற்றிப் பாருங்கள், பேசுவோம். வெவ்வேறு ரேம்களைக் கலந்தால் ஓடவே ஓடாது என்று நான் சொல்லவில்லை; ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள் என்கிறேன். ஒரே மாடல் எண் என்பதும் உத்தரவாதம் ஆகாது. அதே மாடலில் ஒரு தொகுதிக்கு சாம்சங் சில்லு, இன்னொரு தொகுதிக்கு ஹைனிக்ஸ் சில்லு என்று மாற்றிப் போடுவார்கள். ஒத்துப்போகும் இரண்டு ரேம்களை ஒரே பெட்டியில் வைத்து ஜோடியாக விற்கிறார்களே, அதற்குத்தான் காசு.

நான்கு ஸ்லாட்டில் இரண்டு மாட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் பல போர்டுகளில் ஒற்றைச் சேனலில்தான் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே ஒரே பாதை) ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் அந்த வேறுபாடு விளையாட்டில் அப்படியே தெரியும்.

மென்பொருள் பணியாளர், பெங்களூரு

மெல்லிய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ரேம் வாங்கும் முன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் இரண்டு ஸ்லாட் என்று காட்டியதை நம்பி என் அறைத்தோழர் டிடிஆர்4 ரேம் வாங்கிவிட்டார். மூடியைத் திறந்தால் ஸ்லாட்டே இல்லை. சில்லுகள் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் டிஎம்ஐடிகோட் கட்டளையை 17 என்ற வகை எண்ணோடு கொடுத்தால், வடிவம் என்ற இடத்தில் பல நேரம் "ரோ ஆஃப் சிப்ஸ்" (பற்றவைத்த சில்லு வரிசை) என்று வரும். அப்படி வந்தால் கடைக்குப் போக வேண்டாம்.

சில மாடல்களில் 8 ஜிபி பற்றவைத்து, கூடவே ஒரு ஸ்லாட்டும் கொடுத்திருப்பார்கள். அதில் 16 ஜிபி போட்டால் கெட்டுவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. கெடாது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் 16 ஜிபி வரை இரட்டைச் சேனலில் ஓடும், மிச்சம் 8 ஜிபி ஒற்றையில் ஓடும்.

புதியவர், சேலம்

ஐயா, அவசரமாக ஒரு சந்தேகம். 16 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது, நேற்று வாங்கிவிட்டேன். எச்310 போர்டு, எட்டாம் தலைமுறை ஐ3. ரேம் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காருகிறது, ஆனால் திரை வரவில்லை. ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்4 பிசி4-2133பி-ஆர்ஏ0 என்று இருக்கிறது. பயாஸைப் புதுப்பித்தால் சரியாகுமா?

பழுதுபார்ப்பவர், மதுரை

ஆகாது தம்பி. 2133பி-க்குப் பிறகு வரும் அந்த ஆர் எழுத்தைப் பாருங்கள். அது சர்வர் ரேம். ரேமின் நடுவில் மற்றவற்றிலிருந்து வேறுபட்ட ஒரு சில்லு தனியாக இருக்கும், பாருங்கள். கட்டளைகள் எல்லாம் அதன் வழியாகத்தான் மற்ற சில்லுகளுக்குப் போகும். உங்கள் போர்டுக்கு அதோடு பேசத் தெரியாது. எக்ஸ்4, அதாவது 4 பிட் சில்லு என்பதும் சர்வர் பக்கத்து அடையாளம்தான். டிடிஆர்4-இல் சர்வர் ரேமுக்கும் மேசைக்கணினி ரேமுக்கும் வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால்தான் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பயப்பட வேண்டாம். பழைய ரேமை மாட்டினால் எழுந்துவிடும்.

திருப்பித் தர முடிந்தால் இன்றே போங்கள். வாங்க மறுத்தால், எக்ஸ்99 போர்டில் சர்வர் வகை ஜியான் பிராசசர் போட்டு வைத்திருப்பவர்கள் இந்த ரேமைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டிக்கர் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து விற்பனைப் பகுதியில் போடுங்கள். உங்கள் போர்டுக்கு வேண்டியது அதே இடத்தில் யு என்று இருக்கும் ரேம்.