மறுமொழி: டிப்ளோய்மென்ட் – ‘நிறுவல்’ வேண்டாம், ‘களரியேற்றம்’ ஆகட்டும்

எல்லோருக்கும் வணக்கம்,

நம் வழிகாட்டியில் ‘டிப்ளோய்மென்ட்’ (deployment) என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்று இதுவரை வந்த மடல்களை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘டிப்ளோய்’ என்பதற்கு ‘நிறுவு’ போதுமே, எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கப் புதிதாக ஒன்றை ஏன் பிடித்து இழுக்கிறீர்கள் என்று கல்முனை அண்ணன் கேட்டிருந்தார். வேறு வழிகாட்டியாக இருந்தால் நானும் சரி என்று விட்டிருப்பேன். ஆனால் நாம் எழுதிக்கொண்டிருப்பது ஹெல்ம் கருவியின் மூலநிரலை எடுத்து வேலை செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கான வழிகாட்டி. அந்தக் கருவியின் தொழிலே குபர்நெட்டிஸ் கொத்தணி ஒன்றில் செயலிகளைக் கொண்டுபோய் ஓடவிடுவதுதான், அதைத்தான் டிப்ளோய் என்கிறோம். (குபர்நெட்டிஸ் என்பது செயலிகளைப் பல கணினிகளில் ஓட்டிப் பராமரிக்கும் மென்பொருள், அந்தக் கணினிக் கூட்டம், அதாவது கிளஸ்டர், கொத்தணி.) முதலில் கருவிக்கு வேண்டியவற்றை லப்டொப்பில் நிறுவ வேண்டும், பிறகு அந்தக் கருவியால் இன்னொன்றைக் கொத்தணியில் ‘நிறுவ’ வேண்டும். அண்ணன் சொன்னபடியே எழுதிப் பாருங்கள்: ‘நிறுவும் கருவியை நிறுவிய பின் அதனால் செயலியை நிறுவுக.’ எழுதிய எனக்கே இரண்டாம் தரம் வாசித்தால்தான் விளங்குகிறது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்டால் ஒன்று சொல்கிறேன். வந்தாறுமூலையில் படிக்கும் தங்கச்சி ஒருவர் நம் முதல் வரைவைப் பார்த்துச் செய்து கொண்டுபோனார். விண்டோஸில் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, அதன் மேல் செயலிகளைக் கொள்கலனில் ஓட்டும் டொக்கர், ஹெல்ம் எழுதப்பட்ட கோ மொழி, மூலநிரலை இறக்கும் கிட், சொந்தக் கணினியிலேயே சோதனைக் கொத்தணி எழுப்பும் கைண்ட் எல்லாம் சரி. மூலநிரலை இறக்கி அதைக் கட்டும் ‘மேக் பில்ட்’ கட்டளையைக் கொடுத்ததும் ‘பின்’ (bin) என்ற அடைவுக்குள் ஹெல்ம் வந்துவிட்டது, அதுவும் சரி. சோதனைச் செயலிக்கு டொக்கரில் ஒரு இமேஜ் (செயலியும் அது ஓடத் தேவையானவையும் சேர்ந்த பொதி) கட்டி, அதைக் கைண்ட் கொத்தணிக்குள் ஏற்றி, ‘ஹெல்ம் இன்ஸ்டோல்’ கொடுத்தால் பொட் (கொத்தணியில் செயலி ஓடும் அலகு) எழும்பவில்லை, இமேஜை இழுக்க முடியவில்லை என்ற பொருளில் ‘இமேஜ்புல்பேக்ஓஃப்’ என்று திரும்பத் திரும்பக் காட்டுகிறது. வரைவில் கொத்தணிக்குள் இமேஜை ஏற்றுவதற்கும் ‘நிறுவு’, செயலியை ஓடவிடுவதற்கும் ‘நிறுவு’. ‘நிறுவல் தோல்வி’ என்றால் அவர் எதை என்று நினைப்பார்? இமேஜ் ஏறவில்லை என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஏறியதில் ஒரு பிழையும் இல்லை. இமேஜுக்கு அவர் வைத்த குறி (பதிப்பைக் காட்டும் ‘டேக்’) ‘லேட்டஸ்ட்’. அந்தக் குறி இருந்தாலோ, குறியே இல்லாவிட்டாலோ, குபர்நெட்டிஸ் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் ஒவ்வொரு முறையும் வெளியே இமேஜ்களைச் சேமித்து வைக்கும் பதிவகத்தில் போய் இழுக்கப் பார்க்கும், அதுதான் அதன் இயல்பு. வெளியே அப்படி ஒரு இமேஜே இல்லை, பிறகு எங்கே இழுப்பது. குறியை 0.1 என்று மாற்றிக் கட்டி ஏற்றிய பிறகு பொட் எழும்பியது. (இந்த விஷயத்தை வழிகாட்டியில் தடித்த எழுத்தில் போடுங்கள், சொல் எதுவானாலும் பரவாயில்லை.)

ஆக ஒரே திரையில் ஐந்தாறு வினைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நிறுவுவது, கட்டுவது, ஏற்றுவது, இழுப்பது, ஓட்டுவது, டிப்ளோய் பண்ணுவது. சொல்லைத் தனியே எடுத்து அழகு பார்க்காமல் இந்த வரிசைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

‘ஹெல்மே இன்ஸ்டோல் என்றுதானே கட்டளை வைத்திருக்கிறது’ என்று யாரோ கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கட்டளையைக் கொடுத்த பிறகு வரும் பதிலைப் பாருங்கள், ‘ஸ்டேட்டஸ்: டிப்ளோய்ட், ரிவிஷன்: 1’ என்று வரும். பிறகு ‘அப்கிரேட்’ கொடுத்தால் 2ஆவது திருத்தம் (ரிவிஷன்) டிப்ளோய்ட் ஆகும், 1ஆவது ‘சுப்பர்சீடட்’, அதாவது இடத்தை 2க்கு விட்டதாக ஆகிவிடும். இன்ஸ்டோல் என்பது நாம் இடும் கட்டளை, டிப்ளோய்ட் என்பது செயலி வந்து நிற்கும் நிலை. 1ஆவதையும் ஒரு காலத்தில் நிறுவியதுதானே, ‘நிறுவப்பட்டது’ என்று இரண்டுக்குமே எழுதலாம், பொய்யில்லை. ஆனால் இப்போது ஓடிக்கொண்டிருப்பது எது என்று அந்தச் சொல் சொல்லாது.

மற்ற முன்மொழிவுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ‘வரிசைப்படுத்தல்’ இயந்திர மொழிபெயர்ப்பு தூக்கிப் போடும் சொல், அதை வாசிக்கும் பிள்ளை அகரவரிசையில் அடுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் நினைக்கும். ‘நிலைநிறுத்தல்’ பிழையில்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் சந்தியில் துவக்கோடு நின்றவர்கள்தான் ஞாபகம் வருவார்கள், எனக்கு வேண்டாம். ‘பணியமர்த்தல்’ ஆளுக்கு நியமனம் கொடுப்பது. ‘களமிறக்கல்’ நல்ல சொல், பாதி மனம் அதில்தான் இருந்தது. ஆனால் ஓடுவதை நிறுத்தி எடுப்பதற்கு எதிர்ச்சொல் தேடினால் இடறுகிறது. போடுவதே இறக்கல் என்றால் எடுப்பது என்ன?

ஆகவே களரியேற்றம். மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கூத்து ஆடப்படுகிற வட்டமான இடம் களரி, சனம் சுற்றிவர இருந்து பார்க்கும். கூத்து நேரே களரிக்கு வராது. சட்டம் கொடுத்து (ஆடுபவருக்கு அவரவர் பாட்டையும் வசனத்தையும் கொடுப்பது), ஆடிப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழுக் கூத்துக்கும் ஒத்திகை), அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். பழகும் இடத்தில் எத்தனை முறை பிழைத்தாலும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஏசுவதோடு சரி, ஊர் பார்க்காது. நிரல் எழுதிச் சோதிக்கும் ஆக்கச் சூழலுக்கும் பாவனையில் உள்ள கொத்தணிக்கும் உள்ள வித்தியாசம் அதேதான். வினையாக ‘களரியேற்று’, நிலையாக ‘களரியில் உள்ளது’, எடுப்பதற்குக் ‘களரியிறக்கு’. ஹெல்ம் காட்டும் நிலையை ‘திருத்தம் 2 களரியில், திருத்தம் 1 பதிலிடப்பட்டது’ என்று எழுதினால் நான் கேட்ட வித்தியாசம் வந்துவிடுகிறது.

‘அரங்கேற்றம்’ என்றே வைத்தால் உலகத் தமிழர் எல்லோருக்கும் விளங்குமே என்று காரைதீவுத் தம்பி எழுதியிருந்தார். விளங்கும். ஆனால் அரங்கேற்றம் என்றால் பலருக்கு வாழ்நாளில் ஒரு முறை, மண்டபம் எடுத்து அழைப்பிதழ் அடித்துச் செய்வது. இது நாளைக்குப் பத்துத் தரம் நடக்கிற வேலை. களரியில் ஒரே கூத்து எத்தனை தடவையும் ஏறலாம்.

சென்னை நண்பர் ஒருவர், களரி என்றால் தங்களுக்குக் கேரளத்துச் சண்டைப் பயிற்சிதான் நினைவுக்கு வரும் என்கிறார். வரட்டும். தமிழ் அகராதிகளிலும் களரிக்கு அரங்கு என்ற பொருள் உண்டு, நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ‘கொத்தணி’யும் இலங்கைக்கு வெளியே பலருக்குப் பழக்கமில்லாத சொல், ஆனால் கொரோனா காலத்துச் செய்திகளுக்குப் பிறகு இங்கே சந்தையில் மரக்கறி விற்கும் அம்மாவுக்கும் அது தெரியும். பாவித்தால் பழகும்.

விபுலானந்த அடிகளை இழுத்து ‘தூய தமிழ்தான் அடிகள் வழி’ என்றும் ஒரு மடல் வந்தது. காரைதீவில் பிறந்தவர், 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணியில் முன்நின்றவர், அவர் பெயரைச் சொன்னால் எதிர்த்துப் பேசத் தயக்கம்தான். ஆனாலும் அவர் பெயரால் ஒரு சொல்லை வெல்லவைக்கப் பார்க்காமல் வழிகாட்டிக்குள் வைத்துச் சோதிப்போம்.

இன்னும் சில சில்லறை. ‘டெவலப்மென்ட்’ சூழலுக்கு ‘அபிவிருத்திச் சூழல்’ என்று வரைவில் கிடக்கிறது, அதைக் கேட்டால் வீதி போடுகிற திட்டம்போல இருக்கிறது, ‘ஆக்கச் சூழல்’ என்று மாற்றிவிட்டேன். பாவனைக்கு விடுமுன் கடைசியாகச் சோதிக்கும் ‘ஸ்டேஜிங்’ என்பதற்கு ‘அடுக்கு’ என்று வைக்க எனக்கு நல்ல ஆசை, ஆனால் இமேஜ் ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டப்படும் லேயருக்கு ஏற்கெனவே அடுக்கு என்று எழுதிவிட்டோம், ஆகவே ‘ஒத்திகைச் சூழல்’. கொண்டெய்னர் கொள்கலன்தான், துறைமுகச் செய்திகளிலேயே வந்த சொல், அதில் சண்டை இல்லை. இமேஜை இப்போதைக்கு இமேஜ் என்றே விடுவோம், ‘படிமம்’ எனக்குப் பிடிக்கவில்லை, வேறொன்றும் கையில் இல்லை. குபர்நெட்டிஸ் கோப்பில் ‘கைண்ட்: டிப்ளோய்மென்ட்’ என்று வரும் (இது மேலே சொன்ன கைண்ட் கருவியல்ல, பொருளின் வகை) பொருளின் பெயரை மொழிபெயர்க்கவே வேண்டாம், அது ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து சரியாகத் தட்டச்சிட வேண்டியது. அந்தக் கோப்பு செய்கிற வேலைக்கு மட்டும் களரியேற்றம்.

மிச்சம் கிடப்பது, முந்திய திருத்தத்துக்குத் திரும்பும் ‘ரோல்பேக்’. ‘பின்வாங்கல்’ என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு ஒட்டவில்லை. 2ஆவது திருத்தத்தில் நிற்கும்போது 1க்கு ரோல்பேக் கொடுத்தால் ஹெல்ம் இலக்கத்தில் பின்னுக்குப் போவதில்லை, 1இல் இருந்ததையே 3 என்று புதிதாக எழுதி அதைக் களரியில் வைக்கிறது. அதனால் ‘மீள்களரியேற்றம்’ என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். வாய்க்கு நீளமாக இருக்கிறது, தெரியும். குறுக்கமாக ஒன்று யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள், வழிகாட்டியின் மூன்றாம் பக்கத்தை அதற்காகத்தான் பூட்டாமல் வைத்திருக்கிறேன்.