மல்லி ஆயில் 10 மிலி 150 ரூபாய்: முகத்தில் போடலாமா?

திருநகர்_தம்பி:
அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம். கன்னத்தில் பரு, பழைய பருவின் கறுப்புத் தழும்பு வேறு. பொருட்காட்சியில் ஒருத்தர் "சுத்தமான மதுரை மல்லி எசென்ஷியல் ஆயில்", அதாவது பூவின் வாசனையை அப்படியே சுருக்கி எடுத்த எண்ணெய் என்று 10 மிலி 150 ரூபாய்க்குக் கொடுத்தார், கூடவே பழத்தோலில் பிழிந்ததாம், எலுமிச்சை ஆயில். ராத்திரி மல்லி, காலையில் எலுமிச்சை, எதுவும் கலக்காமல் தடவச் சொன்னார். இயற்கைதானே, ஒன்றும் செய்யாது என்கிறார். நம்பலாமா?

நிலக்கோட்டை_பூந்தோட்டம்:
தம்பி, முதலில் அந்த 150 ரூபாயைப் பார்ப்போம். பூ வரத்து கூடி விலை படுத்துக்கிடக்கும்போதுதான் எங்கள் பக்கம் சென்ட் ஃபேக்டரிக்காரர்கள் மூட்டை மூட்டையாக எடுப்பார்கள். மல்லியை ஆவியில் வடிப்பதில்லை, அந்தச் சூட்டுக்கு வாசனை கெட்டுவிடும். ஹெக்சேன் மாதிரி கரைப்பானில் ஊறவைத்து மெழுகுபோல ஒன்றை எடுத்து, அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகை நீக்கினால் வருவதுதான் அப்சொல்யூட். ஆயிரம் கிலோ பூவுக்கு ஒன்றிரண்டு கிலோ தேறினால் பெரிது. பூ கிலோ நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள், 10 மிலிக்குப் பூவின் காசு மட்டும் ஐந்நூறைத் தொடும். மார்கழி, தை விலையில் கணக்குப் போட்டால் தலை சுற்றும். உன் பாட்டிலில் இருப்பது ஏதோ எண்ணெயில் கலந்த சென்ட்.

மருந்துக்கடை_நைட்ஷிஃப்ட்:
மல்லியை விடுங்க, எனக்குப் பயம் அந்த எலுமிச்சைதான். தோலைப் பிழிந்து எடுக்கும் எலுமிச்சை எண்ணெயில் ஃபியூரோகூமரின் என்று ஒரு வகைச் சரக்கு இருக்கிறது, அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீப்புண் மாதிரி சிவந்து கொப்புளிக்கும், ஆறின பிறகும் கறுப்பு பல மாதம் போகாது. காலையில் அதைத் தடவிக்கொண்டு நம்ம ஊர் வெயிலில் பத்திரிகை வைக்கக் கிளம்பினால் என்ன ஆகும்? இருக்கிற தழும்பு போதாதா. ஆவியில் வடித்ததில் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது, ஆனால் அவரே பிழிந்தது என்கிறார். தொடவே வேண்டாம்.

வெட்டிவேர்_அக்கா:
எலுமிச்சை விஷயத்தில் சண்டை இல்லை. ஆனால் ஒரு போலிக்காரனை வைத்து எல்லா எண்ணெயையும் குப்பை என்பது இங்கே வழக்கமாகிவிட்டது. 1990-ல் ஆஸ்திரேலியாவில் பரு உள்ள 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ (அந்த ஊர் மரம் ஒன்றின் இலை எண்ணெய்) ஜெல்லையும், பருவுக்கு வழக்கமாகத் தரும் மருந்தான பென்சாயில் பெராக்சைடை 5 சதவீதத்திலும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ கொஞ்சம் மெதுவாக வேலை செய்தது, எரிச்சல், வறட்சி குறைவாக இருந்தது. நான் வீட்டிலேயே சோப்பு, ஆயில் கலந்து கொடுப்பவள், வாங்கினவர்களே திரும்ப வருகிறார்கள். நம் பாட்டிமார் எந்த ட்யூபை வாங்கினார்கள்?

மருந்துக்கடை_நைட்ஷிஃப்ட்:
பாட்டிமார் பாட்டிலையும் வாங்கவில்லையே அக்கா. கஸ்தூரி மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசினார்கள், கை நிறைய இலையை ஒரு சொட்டாகச் சுருக்கிப் பூசவில்லை. மிளகாயை ரசத்தில் கிள்ளிப் போடுவதும் அரைத்துக் கண்ணில் தேய்ப்பதும் ஒன்றா? அந்த ஆராய்ச்சியிலேயே 5 சதவீதம்தான், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று, டீ ட்ரீ, லாவெண்டர் எல்லாம் திறந்து வைத்து வெளிச்சமும் சூடும் பட்டால் காற்றோடு சேர்ந்து மாறிவிடும், அந்தப் பழைய எண்ணெய்தான் அலர்ஜியை அதிகம் கிளப்பும். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டிலை யார் தேதி பார்க்கிறார்கள்?

வெட்டிவேர்_அக்கா:
தேதியைப் பற்றி மெடிக்கல்காரர் பேசுகிறார், கேட்டுக்கோங்க. ஸ்டீராய்டு கலந்த க்ரீமை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே உத்தரவு வந்துவிட்டது. "வெள்ளையாகணும்" என்று வரும் பெண்களுக்கு இன்றைக்கும் ட்யூபைத் தூக்கிக் கொடுக்கிற கடைகள் எத்தனை? தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிய, முகமெல்லாம் பரு வந்து என்னிடம் வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆறு சொட்டு டீ ட்ரீ அவ்வளவு கெடுதல் செய்யாது.

மருந்துக்கடை_நைட்ஷிஃப்ட்:
அந்த க்ரீம் விஷயம் அயோக்கியத்தனம்தான், மறுக்கவில்லை. அதனால் 150 ரூபாய் பாட்டில் நல்லதாகிவிடுமா?

திருநகர்_தம்பி:
அண்ணே, அக்கா, ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வைத்துக்கோங்க. எங்க அக்கா இப்போது என்ன செய்வது?

வெட்டிவேர்_அக்கா:
டீ ட்ரீதான் போடணும் என்றால் 30 மிலி எண்ணெயில் ஆறு சொட்டு, ஏறக்குறைய ஒரு சதவீதம். முழங்கைக்கு உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்க்கச் சொல்லு. அரிப்பு, சிவப்பு வந்தால் அத்தோடு விட்டுவிடணும். தேங்காய் எண்ணெயில் கலக்காதே, பரு முகத்துக்கு அது துவாரத்தை அடைக்கும். ஹோஹோபா என்ற விதை எண்ணெய் கிடைத்தால் நல்லது.

நிலக்கோட்டை_பூந்தோட்டம்:
கல்யாணம் நெருங்கும்போது புதிதாக எதையும் முகத்தில் பரீட்சை பண்ண வேண்டாம் தம்பி. தோல் டாக்டரை இப்போதே பார்த்துவிடுங்கள். மல்லியைத் தலையில் வைக்கச் சொல்.

மருந்துக்கடை_நைட்ஷிஃப்ட்:
அதேதான். அக்கா, நீங்கள் விற்கும் பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று எழுதுகிறீர்களா? செய்து விற்க லைசென்ஸும் வேணும், தெரியும்தானே?

வெட்டிவேர்_அக்கா:
சதவீதம், கலந்த தேதி, லைசென்ஸ் நம்பர் எல்லாம் எழுதித்தான் ஒட்டுகிறேன், வந்து பாருங்க. உங்கள் கடை அலமாரியில் இருக்கிற அந்த ட்யூபை எப்போது எடுப்பீர்கள், அதைச் சொல்லுங்க.