அம்மாப்பேட்டை பிள்ளைகளின் தெரு வரைபடம்: கைகொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. சேலம் அம்மாப்பேட்டையில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளோடு பள்ளிப் பாதையை நடந்து பார்த்து, அவர்கள் சொல்வதைப் பகுதி சபாவில் (மாநகராட்சி வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) வைக்கப் போகிறோம். ஓட்டு இல்லாதவர்கள்தான், ஆனால் அந்தத் தெருவில் தினமும் நடப்பவர்கள் அவர்களே.

ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 400 மீட்டர், முக்கால் மணி நேரம். வரைபடம் 1:500 அளவில் (5 மீட்டருக்கு 1 செ.மீ.) இருந்தால் இந்தத் தூரம் 80 செ.மீ. ஆகும், ஏ1 தாளில் அடங்கிவிடும். செயற்கைக்கோள் படம் வேண்டாம், மேலிருந்து தெரியும் கூரைகள் பிள்ளைகளுக்குப் புரியாது. பெட்டிக்கடை, கோயில், நாய் படுக்கும் மூலை ஆகியவற்றை முதலில் அவர்களே குறிக்கட்டும். படம் எடுக்கும்போது போனை பிள்ளைகளின் கண் மட்டத்தில், 120 செ.மீ. உயரத்தில் பிடியுங்கள். வரிசையாக நிற்கும் பைக்குகள் வருகிற பஸ்ஸை எப்படி மறைக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

"என்ன வேணும்?" என்று மட்டும் கேட்காதீர்கள், ஊஞ்சல், சறுக்குமரம் என்றே பதில் வரும். "எங்கே ஓடிக் கடப்பே?" என்று கேளுங்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பார்கள், அதனால் அவர் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது.

தேவை: சௌராஷ்டிரம் பேசும் இரண்டு பேர், கையால் வரைபடம் வரையத் தெரிந்த ஒருவர். பிள்ளைகளின் கோரிக்கையைச் சபாவில் நிறைவேற்றும் தீர்மானமாக எழுதிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் மாதிரி ஒன்று அனுப்புங்கள், அதுதான் அவசரம்.