மறுமொழி: ‘பேப்பர் பீசிங்’ – தமிழில் ‘தாளுடுத்து’ என்றால் சரிவருமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

வாழ்த்து அட்டையில் அச்சுப் படத்தின் மேல் பூப்போட்ட தாளை வெட்டி ஒட்டும் ‘பேப்பர் பீசிங்’ வேலைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டு இழையைத் தொடங்கி வைத்துவிட்டு நானே நான்கு நாளாக வாய் திறக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் விடாத மழை. கரண்ட் இருந்தால் நெட் இல்லை, நெட் இருந்தால் கரண்ட் இல்லை.

வந்த சொற்களை எழுதி வைத்துப் பார்த்தேன்: தாள் துண்டிணைப்பு, ஒட்டுச்சித்திரம், தாள் பதிப்பு, தாளொட்டு. ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் நான் கேட்டது, சேலத்தில் எங்கள் மகளிர் குழுவுக்காக எழுதும் வாழ்த்து அட்டைக் கையேட்டுக்கு. தலைப்பைப் படித்ததுமே என்ன செய்யப்போகிறோம் என்பது பிடிபட வேண்டும். இந்த நான்கில் எதைப் போட்டாலும் கை வேறு வேலைக்குப் போய்விடும். ஏன் என்று சொல்ல, வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

குடை பிடித்து நிற்கும் ஒரு சிறுமி. வெறும் கோட்டுப் படம், ரப்பர் அச்சு. அதைக் கெட்டியான வெள்ளை அட்டையில் ஒரு முறை குத்துகிறோம். அதே அச்சைப் பூப்போட்ட தாளில் மறுபடி குத்துகிறோம். தாளில் விழுந்த சிறுமியிடமிருந்து கவுனை மட்டும் கோட்டோடு வெட்டி எடுத்து, அட்டையில் நிற்கும் சிறுமியின் கவுன் மேல் கோட்டுக்குக் கோடு உட்கார ஒட்டுகிறோம். குடைக்குப் புள்ளி போட்ட வேறு தாள். முகமும் கைகாலும் வெள்ளையாகவே நிற்கும்; விருப்பம் இருந்தால் கலர் பென்சிலால் லேசாகத் தடவலாம். வண்ணம் தீட்டவே வராது என்று ஒதுங்கி நின்ற பெண்கள்கூட இதில் ஒரே மதியத்தில் தேறிவிடுகிறார்கள்.

கஷ்டம் இருப்பது கை வரும் இடத்தில். சிறுமியின் ஒரு கை கவுனுக்கு முன்னால் மடங்கி இருக்கும். அங்கே தாளைக் கையின் வடிவத்துக்குக் குடைந்து எடுக்க வேண்டும். கத்தரியைப் பிடித்த கை அப்படியே இருக்க, தாளைத்தான் திருப்ப வேண்டும். கத்தரியைத் திருப்பினால் வளைவு பல்பல்லாக விழும். வெட்டி முடித்ததும் விளிம்பில் தாளின் வெள்ளை உள்பக்கம் மயிரிழை அளவு தெரியும். அதே நிற ஸ்கெட்ச் பேனாவைச் சாய்த்து விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தால் அது மறைந்துவிடும். பூவும் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு அங்குலக் கவுனுக்குப் பெரிய ரோஜா போட்ட தாளை எடுத்தால் அரை இதழும் ஒரு காம்பும்தான் விழும். பார்ப்பவருக்கு அது பூவா கறையா என்றே புரியாது.

ஆக, வெட்டுவதும் ஒட்டுவதும் இதில் உண்டு என்றாலும் உயிர்நாடி பொருத்தம்தான். ஒரே படம் இரண்டு முறை பிறக்கிறது. ஒன்றிலிருந்து எடுத்தது இன்னொன்றில் அதே இடத்தில் போய் உட்காருகிறது. சொல்லும் இதைக் காட்ட வேண்டும்.

இனி உங்கள் சொற்களுக்கு வருகிறேன்.

> தாள் துண்டிணைப்பு என்பதே நேர்ப்பொருள். மூலத்துக்கு நெருக்கமாக இருக்கட்டுமே.

ஆத்தூர் தம்பி, மூலத்துக்கு நெருங்கினால்தான் சிக்கல். ஆங்கிலத்தில் இதே பெயர் துணி வேலையிலும் உண்டு. அறுகோணத் தாள்களின் மேல் துணியை மடித்துத் தைத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் போர்வை செய்வார்கள். வேலை முடிந்ததும் தாளை உருவி எடுத்துவிடுவார்கள். தாளின் மேல் வரைந்த கோட்டின் மேலேயே தையல் போட்டுவிட்டுத் தாளைக் கிழித்தெறியும் முறையும் இருக்கிறது. அங்கே தாள் வெறும் சாரம். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவதுபோல. இங்கோ தாள்தான் துணி. கடைசிவரை அட்டையில் நிற்பது அதுதான். ஒரே பெயரில் நேர் எதிரான இரண்டு வேலைகள். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் ஏன் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்?

ஒட்டுச்சித்திரம் வேண்டாம். செய்தித்தாள், துணி, இலை என்று கையில் கிடைத்ததை ஒட்டி உருவம் எழுப்பும் கொலாஜுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. பதிப்பு என்றால் புத்தகம்தான் நினைவுக்கு வரும்.

தாளொட்டு எனக்கும் பிடித்தது. ஒட்டு மாங்கன்றைக் காட்டி வாழப்பாடி அக்கா எழுதியதைப் படித்தபோது, சேலத்து மாம்பழத்தைத் தின்று வளர்ந்தவளுக்கு மறுக்க மனம் வரவில்லை. ஆனால் அக்கா, மாங்கன்றில் ஒட்டிய இடம் கூடிப்போய் இரண்டும் ஒரே மரமாக வளர்கிறது. இங்கே கீழே இருக்கும் கோட்டுப் படம் அப்படியே முழுசாக இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றைப் போர்த்துகிறோம். இன்னொன்றும் உண்டு. ‘ஒட்டுப் போட்டது’ என்றாலே எங்கள் வீடுகளில் கிழிசல்தான் கண்ணுக்கு வரும். விற்பனைக்குப் போகிற அட்டைக்கு அந்த நினைவு வேண்டாம்.

சொல் கிடைத்தது நானாக யோசித்து அல்ல. போன வாரம் மலையிறங்கி வகுப்புக்குப் போயிருந்தேன். மேசையில் இருபது முப்பது அட்டைகள் பாதி வேலையில் கிடந்தன. ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டாள்: “ஏனுங்க்கா, இந்தப் புள்ளைக்கு இன்னும் சட்டையே போடலீங்களா?” அதற்கு இவள், “குடைக்குப் போட்டாச்சு, கவுனுக்குத்தான் தாள் காயோணும்” என்றாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களுக்குள் ஓடும் பேச்சு இது. சட்டை போடுவது. எழுத்துத் தமிழில் உடுத்துவது.

அதனால் என் முன்மொழிவு: தாளுடுத்து. பொருத்தம் என்ற பொருள் உடுத்துவதிலேயே இருக்கிறது. அளவு பொருந்தாததை யாரும் உடுத்த முடியாது. ஆளுக்குத்தான் உடுத்த வேண்டும் என்றும் இல்லை. நிலம் கடலை உடுத்துகிறது என்று பள்ளிக்கூடத்தில் காலையிலேயே பாடி வளர்ந்தவர்கள் நாம். குடையும் பறவைச் சிறகும் உடுத்தட்டுமே.

‘சாத்து’ என்றும் யோசித்தேன். அம்மனுக்குப் பட்டுச் சாத்துவது என்ன அழகான சொல்! ஆனால் தாளோடு சேர்த்ததும் கெட்டுவிடுகிறது. ‘தாள் சாத்து’ என்றால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடச் சொன்னதாகவே காதில் விழுகிறது.

கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அட்டைக்காரி, ஏற்காடு

——

அம்மணிக்கு வணக்கம்.

சட்டை போட்ட கதையைப் படித்ததும் எனக்கு வேறு சொல் தேவைப்படவில்லை. அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தில் பிறந்தவன் நான். உடுத்துவது என்ற சொல்லுக்கு மறுப்புச் சொல்வேனா? ஆனால் வடிவத்தில் ஒரு குறை இருக்கிறது.

‘தாளுடுத்து’ என்றால் ஏவல்போல நிற்கிறது, வா, போ, உடுத்து என்பதுபோல. வெட்டு, ஒட்டு, கட்டு எல்லாம் வினையாகவும் பெயராகவும் பழகிவிட்டன. உடுத்து அப்படிப் பழகவில்லை. நிறுத்து, திருத்து, அழுத்து இவையெல்லாம் பெயராகும்போது நிறுத்தம், திருத்தம், அழுத்தம் என்று ஆகிவிடுகின்றன. அந்த வழியில் போனால் ‘உடுத்தம்’ என்று வரும்; கேட்டுப் பழகாத சொல், கையேட்டில் உறுத்தும். அதனால் வேலைக்குத் தாளுடுத்தல் என்று வையுங்கள். வெட்டி எடுத்த அந்தத் துண்டுக்குத் தனிச் சொல் வேண்டுமே, அதற்கு உடுப்பு. புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், வீட்டில் இருக்கிற சொல்தான். கவுன் உடுப்பு, குடை உடுப்பு, சிறகு உடுப்பு.

தம்பி பூப்போட்ட தாளுக்குப் ‘பூந்தாள்’ என்று கொடுத்திருந்தார். ஓசை இனிமைதான். ஆனால் பக்திப் பாடல் படித்தவர்களுக்குப் பூந்தாள் என்றால் இறைவன் திருவடி. நன்னூல் பூ என்ற சொல்லுக்குப் பின் வல்லினம், மெல்லினம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பூக்கொடி, பூங்கொடி இரண்டும் சரி. சரி என்று பூத்தாள் என்று எழுதினால், பெண் பிள்ளை பூத்தாள் என்று ஆகிவிடுகிறது. இரண்டு பக்கமும் அடைபட்ட சொல். பூப்போட்ட, கோடு போட்ட, கட்டம் போட்ட, புள்ளி போட்ட என்று துணிக்கடையில் சொல்கிறோமே, அதையே தாளுக்கும் சொல்வோம். இருக்கிற சொல் வேலை செய்யும்போது இன்னொன்று எதற்கு?

இன்னொரு செய்தி, இளையவர்களுக்காக. இதே சேலத்தில் 1916-ல் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்து இதழும் நடத்தினார்கள். கலைச்சொல்லை அன்று பரிபாஷை என்பார்கள். வேதியியலுக்குச் சொல் தேடிய ஊரில் வாழ்த்து அட்டைக்கும் தேடுகிறோம் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அம்மாப்பேட்டையிலிருந்து,
ஐயா

——

ஐயாவுக்கு வணக்கம்.

தாளுடுத்தல், உடுப்பு. இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். உடுப்பு எனக்குத் தோன்றவே இல்லை, எத்தனை நாள் பேசிய சொல்!

நேற்று வகுப்பில் பலகையில் எழுதிப் பார்த்தேன். கவுன் உடுப்புக்குச் சிரிப்போடு தலையாட்டினார்கள். குடைக்கும் தடை இல்லை, குடையே துணிதானே. பூந்தொட்டி வந்தபோதுதான் ஒருத்தி நின்றாள். “தொட்டிக்குக்கூட உடுப்புங்களா?” நான் பதில் யோசிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, “கும்பத்துக்குத் துணி சுத்தறதில்லையா? அந்த மாதிரிதான்” என்றார். அதோடு கேள்வி முடிந்தது.

கையேட்டில் சேர்க்க இன்னொரு பத்தியும் நேற்றே எழுதினேன். ஐயாவின் சொல் அதில் நன்றாகவே உட்காருகிறது. மழை நாளில் ஏற்காட்டில் நான் நாற்பது அட்டை செய்து பாழாக்கியிருக்கிறேன். தாள் ஈரத்தை உறிஞ்சினால் விரியும். நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். அதன் மேல் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் சேர்ந்ததும் கவுன்கள் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டன. காய்ந்ததும் அட்டை படகுபோல வளைந்தது. அதே பசை, அதே தாள், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வந்தால் ஒழுங்காக ஒட்டுகிறது. அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘மலையில் இருப்பவர்கள் உடுப்பைக் கோட்டுக்கு உள்பக்கமாக ஒரு நூலிழை குறைத்து வெட்டவும். பசையைச் சொட்டாக வைக்காமல் தீக்குச்சி முனையால் மெல்லிசாகத் தடவவும். ஒட்டிய அட்டையைக் கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு இரவு வைக்கவும்.’ இதில் ‘துண்டு’ என்று போட்டிருந்தால் எந்தத் துண்டு என்று மறுபடி விளக்க வேண்டியிருக்கும்.

ஒன்று மட்டும் பாக்கி. அச்சை அட்டையில் குத்திய பிறகு பூப்போட்ட தாளில் இரண்டாவதாகக் குத்துகிறோமே, அதைப் பெண்கள் ‘ரெண்டாம் குத்து’ என்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமா, ‘மறுகுத்து’ என்று போடட்டுமா? வெள்ளிக்கிழமை கையேடு அச்சகத்துக்குப் போகிறது. அதற்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அட்டைக்காரி, ஏற்காடு