எங்கள் ஊர் ரோட்டுக்கு ராணுவ வீரர் பெயர் வைக்க என்ன செய்ய வேண்டும்?

பாலாற்றுக்காரன்:
வணக்கம். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் ரோட்டில் உள்ளே தள்ளி எங்கள் ஊர், பத்தலப்பல்லி செக்போஸ்ட் தாண்டினால் ஆந்திரா. எங்கள் தெருக்காரர் ஒருவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். போன வருடம் எல்லையில் ரோந்து வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து இறந்துவிட்டார். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வரும் இணைப்புச் சாலைக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று பசங்க எல்லாரும் பேசி, ஃப்ளெக்ஸும் அடித்துக் கட்டியாயிற்று. இப்போது ஊரில் சிலர் "சண்டையில் சாகவில்லையே, விபத்துதானே" என்கிறார்கள். இன்னும் சிலர், வைப்பதானால் மெயின் ரோட்டுக்கே வை என்கிறார்கள். மனு கொடுத்தோம், பதில் இல்லை. முறைப்படி யாரைப் பார்ப்பது?

முன்னாள் சுபேதார், குடியாத்தம்:
தம்பி, முதலில் அந்த விபத்துப் பேச்சு. 2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினில் பனிச்சரிவு வந்து 19-வது மெட்ராஸ் பட்டாலியனில் 10 பேர் போனார்கள், அதில் ஒருவர் நம் வேலூர் மாவட்டத்துக்காரர், இன்னொருவர் கர்நூல். அங்கே யாரும் குண்டடி பட்டுச் சாகவில்லை. அவர்களையும் விபத்துக் கணக்கில் எழுதிவிடுவார்களா இவர்கள்? போரில் இறந்தாரா, பணியில் இறந்தாரா என்று ராணுவம் தனித்தனியாகப் பிரிப்பது உண்மைதான், ஆனால் அது பென்ஷனுக்கும் நிவாரணத்துக்கும். ரோட்டுக்குப் பெயர் வைப்பதற்கு அந்தக் காகிதத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, அவர் வீட்டில் அம்மாவிடமும் மனைவியிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குவது. ஃப்ளெக்ஸ் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும், சரி போகட்டும். அப்புறம் வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய்ப் பெயர், ரேங்க், யூனிட் மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிப்பாயை ஹவில்தார் ஆக்கிக் கல்வெட்டு வைத்த ஊர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கிற பட்டாளத்துக்காரனுக்கு வயிறு எரியும்.

வரி ரசீது:
ஊராட்சி வேலை தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன். ரோடு யாருடையது என்று பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. மெயின் ரோடு தேசிய நெடுஞ்சாலை, அதற்குப் பெயர் வைப்பது உங்கள் ஊராட்சி கையில் இல்லை, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். இணைப்புச் சாலை ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா என்று சாலைப் பதிவேட்டில் இருக்கும். ஊராட்சிச் சாலை என்றால் கிராம சபைதான் வழி. வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்துக்கு முன்பே தலைவரிடம் மனு கொடுத்துக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். கோரமும் (குறைந்தபட்சம் வர வேண்டியவர் எண்ணிக்கை) முக்கியம், 501-லிருந்து 3000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேராவது வர வேண்டும். தீர்மானத்தில் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

தீர்மானம் ஆனதும் போர்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், அங்கேதான் எல்லா ஊரும் கோட்டை விடுகிறது. வீட்டு வரிப் பதிவேட்டில் அந்தப் பெயர் ஏற வேண்டும். ரசீதில் வந்தால்தான் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் தபாலிலும் மெதுவாக வரும். இல்லாவிட்டால் அடுத்த ஆடிக் காற்றில் ஃப்ளெக்ஸோடு பெயரும் போகும்.

கோட்டை மைனா:
வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும்தான். அந்தப் 14 பேர் யார் என்று பஜாரில் யாரைக் கேட்டாலும் தெரியாது. அதனால் பெயர் வையுங்கள் என்பதே என் கட்சி. ஆனால் திறப்பு விழாக் கல்லில் திறந்து வைத்தவர், முன்னிலை, தலைமை என்று பத்துப் பெயரை எழுதி, கடைசியில் பொடி எழுத்தில் செத்தவர் பெயரைப் போடாதீர்கள். பெயருக்குப் பின்னால் சாதியையும் ஒட்டாதீர்கள். தெருப் பெயர்களில் சாதியை எடுக்கச் சொல்லி 2025 அக்டோபரில்தான் அரசாணை வந்தது.

குப்பம் தமிழன்:
நாங்கள் வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு. 2021-ல் குன்னூரில் ஜெனரல் பிபின் ராவத் ஹெலிகாப்டர் விழுந்ததில் எங்கள் சித்தூர் மாவட்டத்து லான்ஸ் நாயக் சாய் தேஜாவும் போனார். அதுவும் விபத்துதான், அவரை வீரர் இல்லை என்று இங்கே ஒருத்தரும் சொல்லவில்லை. ஒரு யோசனை: போர்டில் கீழே தெலுங்கிலும் எழுதுங்கள் அண்ணா. வி.கோட்டாவிலிருந்து உங்கள் ஊருக்குப் பெண் கொடுத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், படிக்கட்டும்.

பாலாற்றுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. சுபேதார் ஐயா சொன்னபடி அவர் வீட்டில் போய்க் கேட்டோம். மனைவிக்குச் சம்மதம், ஆனால் போர்டில் போட்டோ வேண்டாம் என்கிறார், பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் அதைப் பார்க்க முடியாதாம். ஃப்ளெக்ஸை அன்றைக்கே இறக்கிவிட்டோம். பெயர், ரேங்க், யூனிட் மட்டும், தமிழிலும் தெலுங்கிலும். அக்டோபர் 2 கூட்டத்தில் பொருளாக வைக்கத் தலைவர் ஒத்துக்கொண்டார். ஒன்றியச் சாலையா என்றுதான் செயலாளர் இன்னும் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒன்றியம் என்றால் அடுத்து யாரிடம் போக வேண்டும், வரி ரசீது அண்ணா?