சனிக்கிழமைச் சம்பளமும் நெஞ்சுப் படபடப்பும்: எதைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருப்பது?

கேள்வி: பெருமாநல்லூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூருக்கு வடக்கே பெருமாநல்லூர் பக்கத்தில் சிறிய பவர் டேபிள் ஒன்றை நடத்தி வருகிறேன். ஏற்றுமதி நிறுவனங்கள் வெட்டித் தரும் துணியை டி-சர்ட்டாகத் தைத்துக் கொடுத்து, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவதுதான் தொழில். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியதைக் காரணம் காட்டி, நான் தைத்துக் கொடுக்கும் நிறுவனம் பில் தொகையைத் தள்ளிப்போடத் தொடங்கியது. அந்தப் பழக்கம் இன்றுவரை மாறவில்லை. ஆனால் தையல்காரர்களுக்கும் செக்கிங் பெண்களுக்கும் சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும்.

வியாழக்கிழமை வந்துவிட்டாலே நெஞ்சு படபடக்கிறது. ஓவர்லாக் மெஷின்கள் வாங்கிய கடனுக்கு ஒரு தவணை நின்றுவிட்டதால், வங்கியின் எண் திரையில் தெரிந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை. வீட்டில் எதையும் சொல்லவில்லை. "தைரியமா இருங்க, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்று சொல்பவர்கள் மீது எரிச்சல்தான் வருகிறது. இதே நிலையைக் கடந்தவர்கள், அல்லது அருகிலிருந்து பார்த்தவர்கள், நடைமுறையில் என்ன செய்தார்கள் என்று எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஈரோடு

தம்பி, திங்கட்கிழமை காலை வங்கிக்கு நீங்களே போய்விடுங்கள். தவணை நின்று 30 நாள் வரை எஸ்.எம்.ஏ. 0 (எஸ்.எம்.ஏ. என்றால் சிறப்புக் கண்காணிப்புக் கணக்கு) என்றும், 60 நாள் வரை எஸ்.எம்.ஏ. 1 என்றும், 90 நாள் வரை எஸ்.எம்.ஏ. 2 என்றும் கணக்கு குறிக்கப்படும். 90 நாளைத் தாண்டினால்தான் அது வாராக் கடன். அதற்கு முன் போகிறவரிடம் பேசுவதற்கு மேலாளருக்கு வழிகள் உண்டு, பின் போகிறவரிடம் அவருக்கே கை கட்டப்பட்டிருக்கும். சிறுதொழில் நலிவைச் சரிசெய்ய 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைப்படி, நலிவின் அறிகுறி தெரிந்தவுடன் கடன் வாங்கியவரே விண்ணப்பிக்க முடியும். தவணையை மாற்றி அமைக்கலாமா என்பதை அதற்கென உள்ள குழு பரிசீலிக்கும்.

மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அழைப்பை எடுக்காத வாடிக்கையாளரைப் பற்றி வங்கியில், அவர் மெஷினை விற்றுவிட்டாரோ, ஊரை விட்டே போய்விட்டாரோ என்றுதான் பேசிக்கொள்வார்கள். வாடிக்கையாளரோ வீட்டில் உட்கார்ந்து ஜப்தியைக் கற்பனை செய்துகொண்டிருப்பார். இரு தரப்புக்கும் இடையில் நேரில் பேச வேண்டிய ஒரு பேச்சுதான் பாக்கியிருக்கும்.

உங்களுக்கு வரவேண்டிய பணத்திற்கும் சட்டம் துணை இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான பில் தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். தாமதப் பில்களுக்கான அரசு இணையதளத்தில் புகார் பதிந்தால், அதை விசாரிக்கும் மன்றம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு வைத்திருக்கிறீர்களா?

பதில்: செவிலியர், கோபிசெட்டிபாளையம்

அண்ணா, கடன் கணக்கைப் பற்றி ஈரோட்டு ஐயா எழுதிவிட்டார், நான் உடம்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். படபடப்பு மனக்கவலையால்தான் என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ள வேண்டாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்து, ஒரு இசிஜியும் எடுத்துவிடுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பணமில்லாமல் பார்க்கலாம். நெஞ்சில் வலியோ இறுக்கமோ இருந்தால், இடது கைக்குப் பரவினால், வியர்த்துக் கொட்டினால், காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்தால் அதுவே பாதி ஆறுதல். ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின் சுரந்து, ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. வங்கியின் அழைப்புக்கும் எதிரில் வரும் லாரிக்கும் அதற்கு வேறுபாடு தெரிவதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரத்தை நீட்டினால் இதயத் துடிப்பு மெல்லக் குறையும். கைப்பேசியை எடுப்பதற்கு முன் நான்கைந்து முறை அப்படிச் செய்யலாம். இதனால் கடன் குறையாது. ஆனால் பேசும்போது குரல் நடுங்காது.

விடியற்காலை விழிப்புக்கு, மாலை வெளிச்சத்திலேயே அரை மணி நேரம் ஒதுக்கி, கவலைகளை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அடுத்து செய்யவேண்டிய வேலையை எதிரில் குறிக்கச் சொல்வது மனநல மருத்துவத்தில் உள்ள முறைதான். மூன்று மணிக்கு அதே எண்ணம் வந்தால், அது ஏற்கெனவே நோட்டில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். தூக்கத்துக்காக மது எடுக்கும் பழக்கம் இருந்தால், முன்னிரவில் தூங்க வைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடுவதே அதுதான். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், தயங்காமல் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

பதில்: தறிக்காரர் வீட்டுப் பெண், பல்லடம்

ஈரோட்டு ஐயா சொன்ன சட்டம் சரிதான், ஆனால் அந்த இணையதளத்தில் புகார் கொடுத்த மறுவாரமே கட்டிங் பீஸ் வருவது நின்றுவிடும் என்பதைத் தொழிலில் இருக்கும் எவரும் அறிவார்கள். எங்கள் வீட்டில் பாவு நூல் கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளர்களிடம் கூலிக்காகக் காத்திருந்தே பழகியவர்கள் நாங்கள். புகாரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எந்த பில்லுக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு ஸ்டேட்மென்ட் தயாரித்து, நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கையெழுத்து வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தப்படி, கெடு தாண்டி, மார்ச் கடைசி வரையும் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாக அவர்கள் காட்ட முடியாது. ஆகையால் பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டு, பிப்ரவரி, மார்ச்சில் நினைவூட்டுக் கடிதம் கொடுத்தால், நீங்கள் சண்டை போட வேண்டியதில்லை, அவர்களுடைய ஆடிட்டரே நச்சரிப்பார்.

இன்னொன்று. சம்பளம் முழுதாகக் கிடைக்காது என்று தெரிந்தால் அதைப் புதன்கிழமையே சொல்லிவிடுங்கள். பாதி இந்த வாரம், மீதி எந்தத் தேதி என்று முன்கூட்டிச் சொன்னால் அவர்களும் மளிகைக் கடையில் சொல்லி வைப்பார்கள். சனிக்கிழமை ஆறு மணிக்கு, பையை மாட்டிக்கொண்டு நிற்கும்போது சொல்வதைத்தான் யாராலும் பொறுக்க முடியாது. அன்றைய அவமானத்துக்குப் பயந்து கந்து வட்டிக்குப் போகாதீர்கள். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்தும் வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்குத் தெரியாது என்று நம்புகிறீர்களா அண்ணா? கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பதைப் பார்க்காமலா இருப்பார்? தொகை தெரியாததால் அவர் வேறு எதையெதையோ நினைத்துக்கொண்டிருக்கலாம். சீட்டு, நகை, அடுத்த மாதப் பள்ளிக் கட்டணம் என்று கணக்குப் போடுவதில் பெண்களுக்கு இருக்கும் பழக்கம் உங்களுக்கு உதவும்.

பெருமாநல்லூர்க்காரன்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு வீட்டில் சொல்லிவிட்டேன். பல்லடத்துச் சகோதரி சொன்னது போலத்தான். தவணை நின்றது மனைவிக்குத் தெரிந்தே இருந்தது, தொகைதான் தெரியவில்லை. சிறிது நேரம் கோபப்பட்டார், பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தார். இசிஜிக்கு நாளை போகிறோம். உத்யம் பதிவு இருக்கிறது. ஆனால் பதிந்து கொடுத்தவர் அதை வணிகம் என்று போட்டிருக்கிறார். அது செல்லுமா?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஈரோடு

வணிகம் என்றிருந்தால் தாமதப் பில்லுக்கான அந்தப் பாதுகாப்பு கிடைப்பது சிக்கலாகும் தம்பி. உத்யம் தளத்திலேயே திருத்தும் வசதி இருக்கிறது, கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம். உத்யம் எண்ணையும், பதிவின்போது கொடுத்த கைப்பேசியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய சான்றிதழின் நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வங்கிக்குப் போங்கள், முடிந்தால் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள்.