புதுப்பிப்பு: அண்ணன் பையனுக்குக் கடிகாரம் வாங்கியாச்சுங்க

பைலட் பயிற்சிக்குப் போற அண்ணன் பையனுக்கு என்ன வாட்ச் வாங்கலாம்னு முன்னாடி கேட்டிருந்தேனுங்க. பாதிப் பேர் ஜிஎம்டி முள், அதாவது இன்னொரு ஊர் நேரத்தைக் காட்டற நாலாவது முள், இருக்கறத வாங்கச் சொன்னீங்க. கிராஸ்கட் ரோட்டுக் கடையில கையில வாங்கிப் பார்த்தப்பத்தான் இடிச்சது. வானூர்தி வேலைக்கெல்லாம் யுடிசிங்கற உலகப் பொது நேரந்தான். நம்ம நேரம் அதுக்கு ஐந்தரை மணி முன்னால. அந்த நாலாவது முள் மணிய மட்டுந்தான் காட்டும், நிமிஷ முள் ரெண்டு நேரத்துக்கும் ஒன்னேதான். இங்க 10:00னா யுடிசில 4:30. அந்த அரை மணியை மனசுக்குள்ளதான் கழிக்கோணும். லண்டன்காரனுக்கும் துபாய்காரனுக்கும் இந்தத் தொல்லை இல்லீங்க.

அதனால முள்ளோட டிஜிட்டல் கட்டமும் இருக்கற சிட்டிசன் ஸ்கைஹாக். வெளிச்சத்துலயே சார்ஜ் ஆயிக்கும். ரேடியோ சிக்னல்ல தானா நேரம் திருத்திக்கும்னு கடைக்காரர் பெருமையாச் சொன்னாரு. அதுக்கான கோபுரம் இந்தியாவுல இல்ல, அதுக்காகக் காசு குடுக்காதீங்க. விளிம்புல இருக்கற ஸ்லைடு ரூல்ல (திருப்பிக் கணக்குப் போடற எண் வளையம்) எரிபொருள் கணக்குப் போடலாம், ஆனா எழுத்து எறும்பாட்டம் பொடிசு. பையன் அதைத் தொடவே இல்ல.

பிரைட்லிங் கம்பெனியோட நேவிடைமர் வாட்ச் வாங்கச் சொன்ன அண்ணனுக்கு: ஆசைதானுங்க, வெலையைக் கேட்டுட்டு வந்துட்டேன்.